ஏ பிளஸ், ஏ மைனஸ் பட்டன் வைத்தாயிற்று, இன்னும் என்ன?

4 ஜூன் 2025, கேள்வி

ஒரு நகராட்சியின் வலைத்தளத்தைப் பராமரிக்கும் குழுவில் இருக்கிறேன். தளம் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. எழுத்தைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் மேலே ஏ பிளஸ், ஏ மைனஸ் பட்டன் வைத்துவிட்டோம். கறுப்புப் பின்னணிக்கு மாற ஒரு பட்டனும் உண்டு. தானியங்கிச் சோதனையில் முகப்புப் பக்கத்துக்கு 100-க்கு 97 வந்திருக்கிறது. இதற்கு மேல் செய்ய என்ன இருக்கிறது? உண்மையைச் சொல்லுங்கள், பார்வையற்றவர்கள் இந்த மாதிரித் தளங்களுக்கெல்லாம் வருகிறார்களா?

4 ஜூன், இரவு

வருகிறோம். நான் ஒருவன். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. இப்போது முழுக்க ஸ்கிரீன் ரீடர்தான், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள். அலுவலகத்துக்கு நேரில் போனால் படிவத்தை வேறொருவர்தான் நிரப்பித் தர வேண்டும். அவர் எழுதியது சரியா என்று எனக்குத் தெரியாது, ஆனால் கையெழுத்து மட்டும் என்னுடையது. இணையத்தில் என்றால் என் வேலையை நானே முடித்துக்கொள்ளலாம். ஆக, கண் தெரிகிற உங்களைவிட எங்களுக்குத்தான் இந்தத் தளம் அதிகம் வேண்டும்.

ஏ பிளஸ் பட்டன் பற்றி. பார்வை மங்கிய ஒருவர் உங்கள் தளத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே தன் கணினியைப் பெரிய எழுத்துக்கு மாற்றி வைத்திருப்பார். இல்லாவிட்டால் முகவரியையே தட்டச்சு செய்திருக்க முடியாது. மூலையில் இருக்கும் அந்தக் குட்டி ஏ பிளஸ்ஸைத் தேடிக் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கண் தெரிகிறவருக்கு அது பெரும்பாலும் தேவையே இல்லை.

பட்டனை மறந்துவிட்டு உலாவியிலேயே 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். 1280 பிக்சல் அகலத் திரை 320-க்குச் சமமாகச் சுருங்கும். அப்போதும் இடம் வலமாக இழுக்காமல் படிக்க முடிய வேண்டும் என்பது 2018-ல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி (இணைய அணுகலுக்கான சர்வதேச விதித்தொகுப்பு) 2.1-இன் விதி. தலைவர் படமும் முத்திரையும் நகரும் செய்தியும் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் தளங்களில் 400-க்குப் போனால், படிக்க மிஞ்சுவது ஒரு வரி.

5 ஜூன்

97 பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். தானியங்கிக் கருவியால் படத்துக்கு மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதை ரீடருக்குச் சொல்லும் எழுத்து, இருக்கிறதா என்று பார்க்க முடியும். அந்த உரையில் என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்குப் பொருட்டில்லை. "படம் 1" என்று எழுதினாலும் தேர்ச்சிதான். பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2017-ல் வேண்டுமென்றே தடைகளை அடுக்கி ஒரு பக்கம் செய்து, பல கருவிகளை அதன் மீது ஓட விட்டது. எந்தக் கருவியும் பாதித் தடைகளைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

அதற்காகக் கருவியைத் தூக்கிப் போடவும் வேண்டாம். இணைய அணுகலை ஆராயும் வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைக் கருவியால் சோதிக்கிறது. 2025-ல் 94.8 சதவீதப் பக்கங்களில் கருவியே கண்டுபிடிக்கக்கூடிய பிழை இருந்தது. அதிகம் சிக்கியது மங்கலான எழுத்து. வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற குறியீட்டுச் சாம்பல் நிறம், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு 4.54-க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பதால் தப்பிக்கும். 777777 என்று வைத்தால் 4.48 ஆகித் தோற்றுவிடும், ஏனென்றால் வரம்பு 4.5. இப்படி நூலிழையில் அளக்கும் வேலைக்குக் கருவிதான் சரி. மனிதக் கண் அங்கே சண்டைதான் போடும்.

5 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

என் ஸ்கிரீன் ரீடர் பேசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்டவர்கள் "ஏதோ கோளாறு போல" என்கிறார்கள். கோளாறில்லை, வேகம். இந்த வேகத்திலும் ஒரு நகராட்சித் தளத்தின் மெனுவைத் தாண்ட எனக்குத் தேநீர் ஆறிவிடும். "உள்ளடக்கத்துக்குத் தாவு" என்று முதல் இணைப்பாக ஒன்று வையுங்கள். பல தளங்களில் அப்படி ஒன்று இருக்கிறது, அழுத்தினால் எங்கும் தாவாது.

8 ஜூன்

"முகப்புப் பக்கத்தில் இன்னும் என்ன குறை?" என்று கேட்டிருந்தார்கள். முகப்புப் பக்கத்தை விடுங்கள். அங்கே யாருக்கும் வேலை இல்லை. வரி கட்ட, சான்றிதழ் வாங்க, புகார் கொடுக்க வருகிறோம். தடை இருப்பது அங்கே.

போன வருடம் சொத்து வரி கட்ட உட்கார்ந்தேன். எந்த ஊர்த் தளம் என்பது வேண்டாம். முதல் பெட்டியில் நின்றதும் ரீடர் சொன்னது: "எடிட், பிளாங்க்", அதாவது எழுதும் பெட்டி, காலி. அடுத்த பெட்டியிலும் "எடிட், பிளாங்க்". மொத்தம் நான்கு, நான்குக்கும் அதே இரண்டு வார்த்தை. திரையில் பெட்டிக்குப் பக்கத்திலேயே "வார்டு எண்", "கதவு எண்" என்று எழுதியிருக்கிறதாம். ஆனால் அந்த எழுத்தும் (லேபிள்) பெட்டியும் நிரலில் ஒன்றோடொன்று சேர்க்கப்படவில்லை. லேபிளையும் பெட்டியையும் இணைக்க ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லாததால் முன்னும் பின்னும் போய், எது எதுவாக இருக்கும் என்று ஊகித்து நிரப்பினேன்.

சமர்ப்பி என்பதை அழுத்தினேன். அமைதி. மறுபடி அழுத்தினேன். மறுபடி அமைதி. பெட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு வந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. எந்தப் பெட்டியில் என்ன தவறு என்று எழுத்தில் சொல்லி, அந்தச் செய்தி தோன்றியதை ரீடருக்கும் தெரிவிக்க வேண்டும். சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிகிற கண்களுக்கும் வெறும் கோடு பயன்படாது.

அடுத்து வளைந்து நெளிந்த எழுத்துப் படம். ஒலி வடிவம் இல்லை. இருந்தாலும், கண்ணும் காதும் இல்லாமல் பிரெய்ல் கருவியில் விரல் வைத்துப் படிக்கிறவர் என்ன செய்வார்? 2023 அக்டோபரில் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி 2.2 உள்நுழையும் இடத்தில் இந்த மாதிரிப் புதிரை ஒரே வழியாக வைக்காதே என்கிறது. கடவுச்சொல்லை ஒட்டுவதைத் தடுக்கவும் கூடாது. ஒட்டுவதைத் தடுத்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

படத்தை யாரிடமோ கேட்டுத் தாண்டியபோது "உங்கள் அமர்வு முடிந்தது" என்று வந்தது. நேரக்கெடு வைக்கலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முடியப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லி, ஒரு விசையை அழுத்தி நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி தர வேண்டும், பத்து முறையாவது நீட்டிக்க விட வேண்டும். விதியில் உள்ள வழிகளில் இதுவும் ஒன்று.

கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் தன் கணினியில் கட்டித் தந்தார். நல்ல மனிதர். ஆனால் என் வங்கிக் கணக்கு விவரமும், கைபேசிக்கு வந்த ஓ.டி.பி.யும் அவர் காதில் விழுந்தன. வசதிக் குறைவு என்று இதைச் சொல்லாதீர்கள், பாதுகாப்புக் குறைவு என்று சொல்லுங்கள். மேலதிகாரிகள் அந்தச் சொல்லுக்குத்தான் அசைவார்கள்.

9 ஜூன்

"என்விடிஏ என்கிற ஸ்கிரீன் ரீடரின் விலை என்ன?" இலவசம். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கியது, அவரும் பார்வையற்றவர். இறக்கி நிறுவி, மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு உங்கள் வரிப் பக்கத்தில் ஒரு ரூபாய் கட்டிப் பாருங்கள். எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குப் போகும். எங்களில் பெரும்பாலோர் ஒரு பக்கத்தைத் தலைப்பு தலைப்பாகத்தான் மேய்வோம். எச் அழுத்தியதும் "அடுத்த தலைப்பு இல்லை" என்று வந்தால், நீங்கள் தலைப்பை வெறும் தடித்த எழுத்தாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

10 ஜூன்

"அப்படியானால் ஏ பிளஸ்ஸை எடுத்துவிடலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் எடுக்கச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால், அமைப்புகளை மாற்ற விடாத பொதுக் கணினியில் அது ஒரு முதியவருக்கு உதவக்கூடும். இருந்துவிட்டுப் போகட்டும். அறிக்கையில் "அணுகல் வசதி செய்யப்பட்டது" என்று எழுத அதை மட்டும் சாட்சி கூப்பிடாதீர்கள்.

14 ஜூன்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எல்லாத் தளங்களும் புதிதாகக் கட்டிய அன்று ஓரளவு நன்றாகத்தான் இருக்கும். சோதனை செய்வார்கள், சான்றிதழ் வாங்குவார்கள். மறுநாள் காலை அலுவலகத்தில் ஒருவர் ஒரு பி.டி.எஃப். கோப்பை ஏற்றுவார். அடுத்த நாள் இன்னொன்று. தளம் பழுதாவது இப்படித்தான், கோப்பு கோப்பாக.

அந்தக் கோப்பு எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். அறிவிப்பைக் கணினியில் அழகாகத் தட்டச்சு செய்கிறார்கள். அந்த நிமிடம் அது எங்களால் படிக்கக்கூடியது. பிறகு அச்சடிக்கிறார்கள். அதிகாரி கையெழுத்துப் போடுகிறார், முத்திரை விழுகிறது. அந்தத் தாளை ஸ்கேன் செய்து, கொஞ்சம் சாய்ந்தபடி, பி.டி.எஃப். ஆக்கித் தளத்தில் ஏற்றுகிறார்கள். இப்போது அது ஒரு புகைப்படம். ஒரு எழுத்துகூட உள்ளே இல்லை. திறந்தால் ரீடர் ஆவணம் காலி என்கிறது. எழுத்தாக இருந்ததைப் படமாக்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறோம்.

இணைப்பின் பெயரும் ஒரு கதை. "இங்கே சொடுக்கவும்", "இங்கே சொடுக்கவும்", "இங்கே சொடுக்கவும்". எங்கே?

இதனால்தான் முகப்பின் 97 எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வடிவமைப்பாளர் ஒருமுறை செய்கிற வேலையைவிட, ஏற்றுகிறவர் தினமும் செய்கிற வேலைதான் எனக்குக் கதவைத் திறக்கிறது அல்லது சாத்துகிறது. பயிற்சி யாருக்கு என்று கேட்டால், முதலில் அவருக்கு.

14 ஜூன், தொடர்ச்சி

தமிழ்க் கோப்புகளில் இன்னொரு மாயம் உண்டு. ஸ்கேன் இல்லை, எழுத்துதான், திரையில் சுத்தமான தமிழ்தான் தெரிகிறது. ரீடரில் கேட்டால் உளறல். காரணம் பழைய எழுத்துரு. பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்று தெரிவதற்கு உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. கண்ணுக்கு எழுத்துரு வேடம் போட்டுக் காட்டுகிறது. காதுக்கு அந்த வேடம் கிடையாது. ரீடர் உள்ளதை உள்ளபடி ஆங்கில எழுத்தாகப் படித்துவிடும். தேடினாலும் கிடைக்காது என்பதால் இது பார்வையுள்ளவர்களுக்கும் நஷ்டம்தான். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தட்டச்சு செய்தால் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

யூனிகோடில் இருந்தாலும், பக்கம் எந்த மொழி என்று நிரலில் சொல்ல வேண்டும். தமிழ்ப் பக்கத்துக்கு "இது ஆங்கிலம்" என்று முத்திரை குத்தியிருந்தால், தமிழ் தெரியாத ஆங்கிலக் குரல் வந்து நிற்கும். அது தமிழ் எழுத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொள்ளும். ஒரு முழு அறிவிப்பில் எனக்குக் கேட்டது தேதியும் தொலைபேசி எண்ணும் மட்டும். எதற்காகக் கூப்பிட வேண்டும் என்றே தெரியாமல் கூப்பிட்டேன்.

21 ஜூன்

"கையெழுத்தும் முத்திரையும் இல்லாவிட்டால் ஆவணம் செல்லாது, ஸ்கேன் போட்டே ஆக வேண்டும்" என்று ஒரு அலுவலக ஊழியர் எழுதியிருக்கிறார். போடுங்கள். ஆனால் தட்டச்சு செய்த மூலம் உங்களிடம் இருக்கிறதே. அதை அப்படியே பக்கத்தில் உரையாக ஒட்டுங்கள், கீழே "கையெழுத்திட்ட பிரதி" என்று ஸ்கேனை இணையுங்கள். கூடுதல் வேலை சில நிமிடம். டிஜிட்டல் கையொப்பம் வந்துவிட்டால் அச்சடிக்கவே வேண்டாம். அட்டவணை உள்ள ஆவணத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒட்டும்போது அட்டவணை அட்டவணையாகவே வர வேண்டும், தலைப்பு வரிசை தலைப்பு வரிசையாக. இல்லையென்றால் "14, 32, 7, 18" என்று எண்கள் மட்டும் வரும், எது எந்த வார்டு என்று தெரியாது.

21 ஜூன், இன்னொன்று

"பத்து வருட பி.டி.எஃப். ஆயிரக்கணக்கில் கிடக்கிறது, அதையெல்லாம் யார் மாற்றுவது?" இந்தக் கேள்விக்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கின்றன. 2016-இன் ஐரோப்பிய ஒன்றிய உத்தரவு, 2018 செப்டம்பர் 23-க்கு முன் வெளியான அலுவலகக் கோப்புகளுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் இன்றும் நடக்கிற ஒரு நிர்வாக வேலைக்கு அந்தக் கோப்பு தேவை என்றால் விலக்கு இல்லை. மாநில, உள்ளாட்சி அமைப்புகளுக்காக அமெரிக்க நீதித்துறை 2024-ல் கொண்டுவந்த விதியும், பழைய ஆவணங்களை விட்டுவிட்டு, இப்போது சேவைக்கு விண்ணப்பிக்கப் பயன்படுகிறவற்றைப் பிடித்துக்கொள்கிறது.

அதாவது 2013-ஆம் ஆண்டுக் கூட்டக் குறிப்பு காத்திருக்கலாம். 2013-ல் வந்து இன்றும் எல்லோரும் நிரப்புகிற குடிநீர் இணைப்பு விண்ணப்பம் காத்திருக்க முடியாது. அதிகம் இறக்கப்படும் கோப்புகளின் பட்டியலைச் சர்வர் பதிவிலிருந்து எடுங்கள், மேலிருந்து தொடங்குங்கள்.

22 ஜூன்

"இதெல்லாம் கட்டாயமா, பரிந்துரையா?" நாட்டுக்கு நாடு மாறும். ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006-ல் ஏற்கப்பட்டது. அதன் 9-ஆம் பிரிவு இணையத்தையும் பெயர் சொல்லியே சேர்க்கிறது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில், அணுகல் விதிகள் வெறும் வழிகாட்டுதலாக இருந்தால் போதாது, கட்டாயமான குறைந்தபட்ச அளவு ஒன்று வேண்டும் என்றது. வழிகாட்டுதல் என்றால் கோப்பில் தூங்கும் என்பது நீதிமன்றத்துக்கும் தெரிந்திருக்கிறது.

25 ஜூன்

காது கேளாத ஒருவர், "எல்லாரும் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள்" என்று எழுதியிருக்கிறார். மன்றக் கூட்டத்தின் வீடியோவை ஏற்றிவிட்டு வசனவரி போடாமல் விடுகிறார்கள், தானாக உருவாகும் வசனவரியில் தெருப் பெயரெல்லாம் வேறு எதுவாகவோ ஆகிறது என்கிறார். அது மட்டுமில்லை, சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு நீளமான அலுவலக நடை இரண்டாம் மொழி. வெள்ள எச்சரிக்கை போன்றவற்றுக்காவது சைகை மொழிக் காணொளி வேண்டும் என்பது அவர் கோரிக்கை. என் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கிறேன்: அந்த எச்சரிக்கையைப் படமாகச் செய்து போடாதீர்கள். சுவரொட்டி வடிவத்தில் வரும் எச்சரிக்கை எனக்கு வரவே இல்லை என்று பொருள்.

கை நடுங்குகிறவர்களுக்கு: 2.2 பதிப்பில் தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல், அல்லது சுற்றிலும் அதற்கு ஈடான இடைவெளி. குரலால் கணினியை இயக்குகிறவர்களுக்கு: பட்டனில் கண்ணுக்குத் தெரியும் சொல்தான் நிரலிலும் அதன் பெயராக இருக்க வேண்டும். "கட்டணம் செலுத்து" என்று அவர் எத்தனை முறை சொன்னாலும், உள்ளே அதன் பெயர் "பட்டன்7" என்றால் கணினிக்கு எப்படிப் புரியும்?

30 ஜூன்

ஒரு வரி நிரலை ஒட்டினால் தளம் முழுக்கத் தானாகச் சரியாகிவிடும் என்று விற்பனையாளர் வந்து போயிருக்கிறாராம். ஓரத்தில் ஒரு மனித உருவம் வரும், தொட்டால் இருபது வசதி திறக்கும். இப்படி விற்ற ஒரு நிறுவனத்தின் விளம்பரம் தவறானது என்று குற்றம் சாட்டி, பத்து லட்சம் டாலர் கட்டச் சொல்லி 2025 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. லேபிள் இல்லாத பெட்டிக்கு அந்த நிரல் ஊகித்து ஒரு பெயர் வைக்கும். ஊகிக்க எனக்கே தெரியும். ஸ்கேன் கோப்புக்குள் அது நுழையவே நுழையாது. சில தளங்களில் அந்த உருவம் திறந்துகொண்டு என் ரீடரோடு சேர்ந்து பேச ஆரம்பிக்கிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் வார்டு எண் கேட்கிறார்கள்.

7 ஜூலை

தளத்தைப் பராமரிக்கும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போகிறார்களாம், அதில் என்ன எழுதுவது என்று கேள்வி கேட்டவர் கேட்டிருக்கிறார். "டபிள்யூ.சி.ஏ.ஜி படி இருக்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால் ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள். பதிப்பு எண்ணும், ஏ, ஏ.ஏ., ஏ.ஏ.ஏ. என்ற மூன்று நிலைகளில் நடுவில் உள்ள ஏ.ஏ. நிலையும் எழுதுங்கள். பிறகு வேலைகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: வரி கட்டுவது, சான்றிதழ் கேட்பது, புகார் பதிவது. மூன்றையும் விசைப்பலகையும் ஸ்கிரீன் ரீடரும் மட்டும் வைத்து, அவற்றை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவர் முடித்துக் காட்டிய பிறகுதான் கடைசித் தவணை. அவருக்குக் கூலி உண்டு என்பதையும் எழுதுங்கள். இலவசமாகச் சோதித்துத் தரச் சொல்லி எனக்கு வரும் அழைப்புகளில் "சமூக சேவை" என்ற சொல் தவறாமல் இருக்கும்.

கோப்பு ஏற்றும் பக்கத்துக்கும் ஒரு விதி கேளுங்கள். பி.டி.எஃப். உள்ளே எழுத்தே இல்லையென்றால் அமைப்பே நிறுத்தி, "இதன் உரையை இங்கே ஒட்டவும்" என்று கேட்க வேண்டும். எழுத்து இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது நிரலாளருக்குச் சின்ன வேலை. ஆளை மாற்றினாலும் இந்தப் பழக்கம் அங்கேயே இருக்கும்.

8 ஜூலை

மேலே எழுதியதில் ஒன்றைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். பாமினி வகைக் கோப்பு அந்தச் சோதனையில் தப்பித்துவிடும், ஏனென்றால் உள்ளே எழுத்து இருக்கிறது, ஜே, கே, பி, ஓ என்று. தமிழ் ஆவணம் என்று குறித்துவிட்டு உள்ளே ஒரு தமிழ் யூனிகோடு எழுத்துகூட இல்லையென்றால் நிறுத்து என்று இரண்டாவது நிபந்தனையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

19 ஜூலை

கேள்வி கேட்டவர் மவுஸைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். பிறந்த தேதிக் காலண்டரிலேயே மாட்டிக்கொண்டாராம். டேப் அழுத்த அழுத்த ஒவ்வொரு நாளாக நகர்கிறது, வருடத்தைப் பின்னால் தள்ள விசையே இல்லை. 1962-ல் பிறந்தவர் போக வேண்டிய தூரத்தை நினைத்துப் பாருங்கள்.

காலண்டரை எடுத்துவிடுங்கள். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சாதாரணப் பெட்டி, ஒவ்வொன்றுக்கும் லேபிள். பிரிட்டன் அரசுத் தளங்களின் வடிவமைப்புத் தொகுப்பும் பிறந்த தேதி போல மனப்பாடமாகத் தெரிந்த தேதிக்கு இதைத்தான் சொல்கிறது. காலண்டர் வேண்டுமானால் மண்டபம் முன்பதிவு செய்யும் பக்கத்தில் வைக்கலாம், எந்த நாள் காலி என்று பார்க்க. அங்கேயும் தட்டச்சு செய்ய ஒரு பெட்டி இருக்கட்டும்.

அதைச் சரிசெய்ததும் அடுத்த பெட்டியில் மாட்டுவீர்கள். எங்கே என்று எழுதுங்கள்.